மடிக்கணினியின் ஆயுள் எவ்வளவு?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வகுப்பறை நம் வீட்டுக் கூடத்திற்கு இடம் மாறியது. மடிக்கணினி என்பது அலுவலகப் பணியாளருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உரிய பொருள் என்று அதுவரை எண்ணியிருந்த குடும்பங்கள்கூட, சேமிப்பைத் திரட்டியோ தவணை முறையிலோ ஒன்றை வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் செர்டிக் திட்டத்தை, 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்தது. சிங்கப்பூரிலோ, உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற இலக்கு 2028லிருந்து 2021க்கு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டது.

அந்தக் கருவிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. மின்னேற்றம் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை, திறந்தால் வேலைக்குத் தயாராகப் பத்து நிமிடம் ஆகிறது, விசிறி இரைகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "இது முடிந்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் போக மிச்சம் பிடிக்கும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. ஆகவே, மடிக்கணினி எத்தனை காலம் உழைக்கும், அதில் எது தேயும், எதை மாற்றலாம், எதை மாற்ற இயலாது என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

டயர் தேய்ந்ததற்காக எவரும் மோட்டார் சைக்கிளை வீசிவிடுவதில்லை. சங்கிலி தளர்ந்தால் சங்கிலியை மாற்றுகிறோம். மடிக்கணினியும் அப்படித்தான், அது ஒட்டுமொத்தமாக மூப்படைவதில்லை, உறுப்பு உறுப்பாக மூப்படைகிறது. எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் முழுக் கருவிக்கும் முடிவுகட்டுவதால்தான் பணம் விரயமாகிறது.

எத்தனை ஆண்டுகள்?

பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகள் என்று சொல்வார்கள். இது சராசரிக் கணக்கு, அவ்வளவுதான். பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே தங்கள் கணினிகளை மாற்றிவிடுகின்றன. அவை கெட்டுப்போனதால் மாற்றுவதில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிடுகிறது என்பதே காரணம். அப்படிக் கழிக்கப்பட்டவையே பழைய கணினிக் கடைகளில் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் பல, கடையில் புதிதாகக் கிடைக்கும் மிக மலிவான கணினியைக் காட்டிலும் உறுதியான கட்டமைப்பு உடையவை.

2009ஆம் ஆண்டு ஸ்குவேர்டிரேட் என்னும் அமெரிக்க உத்தரவாத நிறுவனம், தன்னிடம் பதிவான 30,000 மடிக்கணினிகளின் கணக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றில் 31 விழுக்காடு பழுதாயின. அதில் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கருவியில் ஏற்பட்ட கோளாறு. எஞ்சிய ஏறத்தாழ 11 விழுக்காடு கீழே விழுந்தும், தண்ணீர் கொட்டியும் நேர்ந்த சேதம். அதாவது பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்கு நம் கையால் வந்த வினை. கணக்கு பழையதுதான், ஆனாலும் பிள்ளைகள் பயன்படுத்தும் வீடுகளில் இந்த விகிதம் இன்றும் பெரிதாக மாறியிருக்கும் என்று தோன்றவில்லை.

முதலில் தளர்வது மின்கலம்

பேட்டரி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மின்கலமே எல்லாவற்றுக்கும் முன்னால் தேய்வது. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குச் செல்கின்றன; பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் சிறிதளவு லித்தியம் கிராஃபைட் முனையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. படிந்தது மீண்டும் பயனுக்கு வராது. மின்கலம் தேய்வது என்பது இதுதான்.

முழு அளவு மின்சாரத்தைச் செலவழித்து மீண்டும் ஏற்றுவதை ஒரு சுற்று என்பர். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினாலும் அது ஒரே சுற்றுதான். 300 முதல் 1,000 சுற்றுகள் வரை ஆனபின் மின்கலம் தன் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மலிவான கருவிகளில் எண்ணிக்கை குறைவு, விலை உயர்ந்தவற்றில் கூடுதல். நாள்தோறும் ஒரு சுற்று பயன்படுத்தும் மாணவருக்கு 300 சுற்று என்பது ஓர் ஆண்டுகூட இல்லை.

இந்தத் தேய்வை விரைவுபடுத்துபவை இரண்டு: வெப்பம், எப்போதும் 100 விழுக்காட்டில் நிறுத்தி வைத்தல். நம் நாட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் மடிக்கணினியை விட்டுச் செல்வதைப் போன்ற கெடுதல் வேறில்லை. மேசையில் வைத்து மின்னிணைப்பிலேயே பயன்படுத்துவோர், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்பு தங்கள் கருவியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் கணினிகளில் அது உண்டு, கேட்டு வாங்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சில மாதங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி மின்னேற்றத்தில் அணைத்து வைக்கலாம்.

முழுவதுமாக இறங்கவிட்டுப் பின்னர் ஏற்றினால்தான் மின்கலம் நீடிக்கும் என்று இன்னமும் பலர் சொல்லக் கேட்கிறோம். அது 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இருந்த நிக்கல் காட்மியம் மின்கலங்களுக்கு உரிய அறிவுரை. அந்த மின்கலங்கள் போய்விட்டன. அறிவுரை மட்டும் போகவில்லை. லித்தியம் மின்கலத்திற்கு அது நன்மை செய்வதில்லை, கெடுதலே செய்யும்.

விண்டோஸ் கணினிகளில் மின்கல அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவும், இப்போது முழுமையாக ஏற்றினால் கொள்ளும் அளவும் அருகருகே காணப்படும். முதலாவது 50 வாட் மணி, இரண்டாவது 28 என்றிருந்தால், மின்கலம் 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். கணினி முடிந்துவிட்டது என்று பொருளாகாது. புதிய மின்கலத்தின் விலை புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே. ஆனால் அடையாளமில்லாத மலிவு மின்கலங்களைத் தவிர்ப்பது நல்லது. பெயர்பெற்ற தயாரிப்புகளிலேயே தவறு நேர்ந்ததுண்டு; 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் தீப்பற்றும் அபாயம் காரணமாக 41 லட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது.

ஓர் எச்சரிக்கை. தொடுபலகை மேலெழும்பி இருந்தாலோ, அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காமல் ஆடினாலோ, உள்ளே மின்கலம் வாயு சேர்ந்து உப்பியிருக்கக்கூடும். அத்தகைய கருவியை மின்னேற்றக் கூடாது. உப்பலை அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. அணைத்து, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, விரைவாகப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வெப்பமும் தூசியும்

கணினி மெதுவாகிவிட்டது என்றால் கிருமி புகுந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். அடிப்பகுதியைத் திறந்து பார்த்தால், விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டுபோல் தூசி அடைத்திருப்பதைக் காணலாம். காற்று போக வழியில்லாததால் செயலி சூடேறுகிறது; ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதைத்தான் நாம் மெதுவாகிவிட்டது என்கிறோம். செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசப்பட்டிருக்கும் வெப்பம் கடத்தும் பசையும் சில ஆண்டுகளில் காய்ந்துவிடுகிறது. தூசியை அகற்றிப் பசையைப் புதுப்பித்தால் பழைய வேகம் பெருமளவு திரும்பும். கைதேர்ந்தவருக்கு இது ஒரு மணி நேர வேலை.

மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்துப் பயன்படுத்துவதால் காற்றுத் துவாரங்கள் அடைபடுகின்றன. பஞ்சும் உள்ளே போகிறது. நம் இல்லங்களில் இன்னொன்றும் உண்டு. பூசை அறைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கும் கணினிக்குள் சாம்பிராணிப் புகையின் கரியும் திருநீற்றுத் துகளும் படிகின்றன. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு மடிக்கணினியையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தாராளமாக இடலாம். மூடியின் மேற்புறத்தில் இட்டால் போதும். விசைகளின் மீதும் பக்கவாட்டுத் துவாரங்களின் மீதும் இட வேண்டாம்.

இடிமின்னலையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடிமின்னல் பதிவாகிறது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையும் இதற்குக் குறைந்ததன்று. வானம் இருண்டால் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்கலம் இருப்பதால் வேலை நிற்காது. மின்பலகை ஒருமுறை தாக்குண்டால் பழுது பார்க்கும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

வெப்பம் ஏறி இறங்குவதால் மின்பலகையின் பற்றவைப்புகளும் காலப்போக்கில் தளர்ந்து விரிசல் காண்பதுண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் பயன்பட்ட தன் வரைகலைச் சில்லுகளில் இத்தகைய குறையைச் சரிசெய்ய 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர் வரை செலவாகும் என்று அறிவித்தது. இப்படிப்பட்ட பழுதைச் சிறிய கடைகள் சில்லைச் சூடேற்றி 'சரி' செய்து தருவார்கள். அது பெரும்பாலும் நீடிப்பதில்லை. அதற்குக் கொடுக்கும் பணத்தைச் சேமித்து வைப்பதே மேல்.

வட்டு

1990களின் நடுவில் உலகின் வன்தட்டுகளில் ஏறத்தாழ பாதி சிங்கப்பூரில் உற்பத்தியாயின. பினாங்கின் பயான் லெப்பாஸில் இன்டெல் நிறுவனம் 1972லேயே தொழிற்சாலை அமைத்துவிட்டது. அத்தகைய ஆலைகளில் மூன்று வேளைமாற்றில் நின்று வேலை செய்த தாய்மார்களின் பிள்ளைகள்தாம் இன்று தம் பிள்ளைகளுக்குக் கணினி வாங்குகிறார்கள். அன்று கைகளில் புரண்ட அந்த வன்தட்டு, கணினியிலேயே மிக நுட்பமான அசையும் உறுப்பு. மடிக்கணினிக்குரியவை பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்பவை. படிக்கும் முனை தட்டின் மேல் தலைமுடியின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கும். சுழலும்போது ஓர் இடி பட்டால் கீறல் விழும். பேக்பிளேஸ் என்னும் தரவுச் சேமிப்பு நிறுவனம் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓயாமல் ஓடும் வன்தட்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு நான்காம் ஆண்டு முடிவிலும் வேலை செய்தன. எஞ்சிய ஒரு பங்கில் நம் வீட்டுப் படங்களும் பிள்ளையின் பாடங்களும் இருந்தால் அந்தக் கணக்கு நமக்கு ஆறுதல் தராது.

இப்போது அசையும் பகுதியே இல்லாத திடநிலை வட்டு வந்துவிட்டது. இதில் ஒவ்வொரு நினைவுக் கண்ணிலும் குறிப்பிட்ட தடவைதான் எழுத முடியும் என்பது உண்மை. ஆனால் கணக்குப் பார்த்தால் அச்சம் தேவையில்லை. 250 கிகாபைட் வட்டுக்கு 150 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தரும் தயாரிப்புகள் உண்டு. நாளொன்றுக்கு 20 கிகாபைட் எழுதினாலும் அதை எட்ட இருபது ஆண்டுகளாகும். இது கெட்டுப்போவதானால் முன்னறிவிப்பின்றிக் கெடும் என்பதே குறை. ஆகவே நகல் ஒன்று வெளியே இருக்க வேண்டும்.

பழைய வன்தட்டு உள்ள கணினியில் அதை எடுத்துவிட்டுத் திடநிலை வட்டு பொருத்துவதைப் போல் பணத்திற்கு மதிப்புத் தரும் பழுதுபார்ப்பு வேறில்லை. பத்து நிமிடத்தில் திறந்த கணினி ஒரு நிமிடத்திற்குள் திறக்கும். நினைவகத்தை 4 கிகாபைட்டிலிருந்து 8 ஆக்க இடமிருந்தால் அதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஆனால் மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. மிக மலிவான சிலவற்றில் 32 அல்லது 64 கிகாபைட் சேமிப்பும் அவ்வாறே பற்றவைக்கப்பட்டிருக்கும். இவற்றில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இடம் போதாமல் திணறும். மாணவர்களுக்கு வாங்குவோரும் மொத்தமாக வாங்கி வழங்கும் அமைப்புகளும் இதை மட்டுமாவது கேட்டறிந்து தவிர்க்க வேண்டும்.

கீலும் விசைப்பலகையும்

மூடியைத் தாங்கும் கீல் உலோகம். அது திருகப்பட்டிருக்கும் இடம் நெகிழி. ஆண்டுகள் செல்லச்செல்லக் கீல் இறுகுகிறது, நெகிழி வெடிக்கிறது. பிள்ளைகள் மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவதால் ஒரு பக்கக் கீலுக்கே பாரம் முழுவதும் போகிறது. நடுவில் பிடித்துத் திறக்கப் பழக்குங்கள். விரிசல் தெரிந்தவுடன் சரிசெய்தால் சிறு செலவு. விட்டுவைத்தால் கீலோடு போகும் திரைக்கம்பியும் அறும், திரையும் உடையும். மின்னேற்றி செருகும் துளையும் இப்படித்தான், கம்பியை இழுத்து இழுத்தே ஆட்டம் காண்கிறது.

திரை பெரும்பாலும் தானாகத் தேய்வதில்லை. விசைகளின் மேல் பேனாவை மறந்துவிட்டு மூடும்போது உடைகிறது.

விசைப்பலகைக்குப் பகை தே தாரிக். வெறும் தண்ணீரைவிடச் சீனியும் பாலும் கலந்த பானம் அதிகத் தீங்கு செய்யும். காய்ந்தபின்னும் உள்ளே பிசுபிசுத்து உலோகத்தை அரிக்கும். கொட்டிவிட்டால் உடனே மின்னேற்றியைக் கழற்றி, விசையை அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்தபடியே கவிழ்த்து வைக்க வேண்டும். மீண்டும் போட்டுப் பார்க்கலாமா என்ற ஆவலை அடக்கிக்கொண்டு, திறந்து சுத்தம் செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் அரிசிதான் வீண்.

உடல் நலமாக இருந்தும்

இத்தனையும் தாங்கிய கணினியை, உறுப்புத் தேய்வே இல்லாமல் ஓய்வு பெறச் செய்வது மென்பொருள். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. தனிப்பட்ட பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பை நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் செயலியானால் பொதுவாக 2017இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆகவே 2016இல் வாங்கிய கணினி இன்றும் நன்றாக ஓடினாலும், புதிய ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத வீடாகிவிடுகிறது. வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு அதைப் பயன்படுத்துவது உசிதமன்று.

ஆயினும் அது குப்பையுமன்று. லினக்ஸ் மின்ட், குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்ற இயங்குதளங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழைய கருவியிலும் இலகுவாக ஓடுகின்றன. மலேசியப் பள்ளிகளின் டெலிமா தளமும் சிங்கப்பூரின் மாணவர் கற்றல் தளமும் உலாவியின் வழியே திறப்பவை என்பதால், பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் இவை போதும். பள்ளி குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் எதையும் கேட்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே ஆசிரியரிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் சட்டமும் இப்பக்கம் திரும்பியிருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினியின் விலையோடு, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கலச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனாளரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்கிறது. இங்கே வாங்குவோர் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: மின்கலம் தனியாகக் கிடைக்குமா, வட்டை மாற்றலாமா, நினைவகத்தைக் கூட்டலாமா?

கணினி தானம் செய்வோர் கவனத்திற்கு

அலுவலகத்தில் கழித்த கணினிகளைக் கல்வி நிதிக்கோ பள்ளிக்கோ ஆலயத்தின் வழி மாணவருக்கோ தர விரும்பும் அன்பர்கள் பெருகி வருகிறார்கள். பெறும் குடும்பத்திற்கு அது சுமையாகாமல் இருக்க வேண்டும். மின்கலம் ஒரு மணி நேரமாவது தாங்காவிட்டால் புதிய மின்கலம் போட்டே தருவது முறை. மின்னேற்றியும் சேர்ந்தே போக வேண்டும். அதைவிட அடிக்கடி நேரும் தொல்லை கடவுச்சொல். முந்தைய உரிமையாளரின் கணக்கோ நிறுவனத்தின் பூட்டோ நீக்கப்படாமல் வந்த கணினியை மாணவரால் திறக்கவே முடியாது. எவ்வளவு நல்ல கருவியானாலும் அது பலகைக் கட்டைதான். கணக்கிலிருந்து வெளியேறி, தொடக்கத் திரையில் கேட்கும் கடவுச்சொல்லையும் நீக்கி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, வேறொருவர் கையில் கொடுத்துத் திறந்து பார்த்த பிறகு ஒப்படைக்க வேண்டும்.

தங்கள் தகவல் வெளியே போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் பழைய கணினியை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். நம் ஈரக் காற்றில் அங்கேயும் அது கெடத்தான் செய்கிறது. கோப்புகளை அழிப்பது மட்டும் போதாது. வன்தட்டானால் அதன் மேல் முழுமையாக மறு எழுத்து எழுதும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். திடநிலை வட்டானால் முழு வட்டையும் மறையாக்கம் செய்துவிட்டுத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். அதிலும் மனம் நிறைவடையாதவர்கள் வட்டைக் கழற்றிக்கொண்டு, கணினியை மட்டும் தரலாம். புதிய வட்டு ஒன்றை வேறொரு அன்பர் உபயமாக ஏற்றுக்கொள்வது எளிது.

மின்பலகை எரிந்தவை, மின்கலம் உப்பியவை ஆகியவற்றைத் தானமாகத் தர வேண்டாம். மலேசியாவில் மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டின்கீழ் 2005ஆம் ஆண்டு விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டது. சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே அதை ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல், 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள மின்னணுப் பொருள் கடைகள் பழைய கருவிகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தங்கள் வளாகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உப்பிய மின்கலமானால் பெட்டியில் போட்டுவிட்டு வராமல், அங்கிருக்கும் பணியாளரிடம் சொல்லிக் கையில் ஒப்படையுங்கள்.